படங்குக்குள் எரிந்த பச்சை விளக்கு

வட்டவளைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் சின்னது. பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை அப்பம் பெறும் ‘முதல் நன்மை’ நாளில் அவர்கள் உள்ளே இருப்பார்கள். பெற்றோரில் பாதிப்பேர் வெளியே கூடாரத்தில் நிற்பார்கள். அவர்களுக்காக, ஒரே கேமராவின் படத்தை மூன்று டிவிகளுக்குப் பிரித்து அனுப்பும் பழைய பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குப் பொறுப்பு, தோட்டப் பள்ளி ஆசிரியரான நான்.

இந்த வருடம் அன்றைக்கு நல்ல பனிமூட்டம். பெட்டி நனைந்துவிடுமே என்று, கொழுந்து பறிப்பவர்கள் ஈரம் படாமல் இடுப்பில் கட்டும் தடித்த படங்கால் அதை மூடினேன். பூசை நடுவில் மூன்று டிவியிலும் படம் போனது. பெட்டி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, படங்குக்கு அடியில் கையை விட்டு மூடியைக் கழற்றத் தொடங்கினேன்.

“சேர், கைய எடுங்க!”

தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் ரோஸலின் அக்கா ஓடிவந்து படங்கைத் தூக்கினார். உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“கரண்டு இருக்கு, பாருங்க. படம் வந்தா எரியுற பக்கத்து லைட்டுதான் எரியல. பெட்டிக்குள்ள படமே வரலங்க, கேமரா பக்கம் பாப்போம். பெக்டரியில லைட்டப் பாக்காம நாங்க எந்த மெஷின்லயும் கை வைக்க மாட்டோம்.”

கேமராவில் வயர் கழன்றிருந்தது. அக்கா அதைச் சொருகியதும் இரண்டாவது விளக்கும் எரிந்தது. கூடாரத்துத் தாய்மார் தங்கள் பிள்ளைகள் நன்மை வாங்குவதைப் பார்த்தார்கள்.

பனிக்கு இப்போதும் படங்கைத்தான் போர்த்துகிறேன். ஆனால் இரண்டு விளக்கும் தெரியும்படி அதில் ஒரு ஜன்னல் வெட்டிவிட்டேன். படம் போனால், என் வகுப்புப் பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு முதலில் அந்த ஜன்னலைப் பார்க்கிறேன்.