போர் வராத திண்டுக்கல்

பேகம்பூரில் ஒரு சந்து. மதியச் சாப்பாடு முடிந்து ஆண்கள் தோல் மண்டிக்கும் கடைக்கும் திரும்பிய பிறகு, சைனம்பு கோரைப்பாயைப் புரட்டிப் போடுவாள். பாயின் அடிப்பக்கத்தில் இன்னொரு திண்டுக்கல் இருந்தது. கரித்துண்டால் அவளே வரைந்த ஊர். மலைக்கோட்டை அதே இடத்தில்தான் நின்றது. மலையை யார் நகர்த்த முடியும்? ரயில் ஸ்டேஷனும் அதே இடம்தான். ஒரே ஒரு மாற்றம். அந்த ஊரின் உலகத்தில் போர் வரவில்லை. ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போடவில்லை.

மற்றதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து தானாக முளைத்து வர வேண்டும். இதுதான் அவள் வைத்த சட்டம். ஆசைப்பட்டு எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

ஆட ஒத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். பூ விற்றுவிட்டு மிச்சப் பூவோடு நிழலுக்கு ஒதுங்கும் அய்யம்மாள் ஒருத்தி. எதிர்வீட்டுக்கு மருமகளாக வந்த நர்கீஸ் இன்னொருத்தி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், வாயாடி. பாய்க்குள் இறங்கிவிட்டால் ஒருவரும் தானாக இருக்கக் கூடாது. நர்கீஸ் அங்கே ஜட்ஜம்மா. அய்யம்மாள் ஸ்டேஷன் மாஸ்டர். சைனம்புக்கு இன்ன வேஷம் என்று கிடையாது. மழை, சந்தை, தறிகெட்டு ஓடும் மாடு, டிக்கெட் இல்லாமல் வருகிறவன் எல்லாமே அவள்தான். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் சோழியைப் போடுவார்கள். மலர்ந்தது கூடினால் நடக்கும். கவிழ்ந்தது கூடினால் நடக்காது. கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான், மறுபடி உருட்டக் கூடாது.

"போரு இல்லேன்னா ரேஷன் கடை இருக்குமாத்தா?" என்று அய்யம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு இருக்கணும்? ரங்கூன் அரிசிதான் மூடை மூடையா வருதே," என்றாள் சைனம்பு.

"அப்ப எங்க கொழுந்தனுக்கு நிறுவைக்காரன் வேலை போச்சு. நல்ல வேளை. வீட்டுலயும் நிறுத்து நிறுத்துத்தான் பேசுவான்."

நர்கீஸ் விடவில்லை. "அக்கா, போரு வரலேன்னா வெள்ளைக்காரன் போயிருப்பானா?"

சைனம்பு சோழியை எடுத்தாள். அன்றைக்கு வெள்ளைக்காரன் போனான். ஆனால் கொஞ்சம் தாமதமாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். அய்யம்மாள் அவனுடைய ரயிலை வெகுநேரம் நிறுத்தி வைத்தாள். "என்ன சோலியா வந்தீக, என்ன சோலியாப் போறீக, சொல்லிட்டுப் போங்க." அதன் பிறகு ஸ்டேஷனில் ஏறி இறங்கும் எவரையும் அந்தக் கேள்வி கேட்காமல் அவள் விடுவதில்லை. நாளடைவில் அதுவும் ஆட்டத்தின் சட்டமாகிவிட்டது.

பாயின் ஓரத்தில், கோரை பிரிந்து தொங்கும் இடத்தில், ரங்கூன் இருந்தது. அங்கே மட்டும் சைனம்பு யாரையும் விடவில்லை. ஏன் என்று இருவருமே கேட்டதில்லை. அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

அவள் கணவர் அப்துல் வாஹித் ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பலேறினார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்துபோனார். குண்டு விழுந்த வருஷம், நடந்தே ஊர் திரும்பிய கூட்டத்தில் இந்தச் சந்துக்காரர் ஒருவரும் இருந்தார். அவர் கொண்டுவந்த சேதி இவ்வளவுதான்: "புரோம் ஊரு வரைக்கும் கூடத்தாம்மா நடந்தாரு. காய்ச்சல் கண்டு படுத்துட்டாரு. நீங்க முன்னால போங்க, பின்னாலயே வாரேன்னாரு."

பின்னால் வரவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. சைனம்பு வளையலைக் கழற்றவுமில்லை, புதிதாக வாங்கவுமில்லை. சந்துப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்துக்கொண்டு பதினோரு வருஷம் இரண்டுங்கெட்டானாக இருந்தாள்.

ஐம்பத்து மூன்றில் ஒரு திங்கட்கிழமை, அண்ணன் நூர் அகமது வந்தார். நின்றபடியே பேசினார்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டாச்சு. இம்புட்டு வருஷம் தகவல் இல்லேன்னா மௌத்துன்னே வச்சுக்கலாமாம். நீ இத்தா இருந்து முடிச்சிரு."

"முடிச்சு?"

"வத்தலக்குண்டுல ஒரு எடம். பொஞ்சாதி மௌத்தாப் போன மனுசன். நல்ல கொணம்."

"உங்களுக்குத்தான் அண்ணே எல்லாரும் நல்ல கொணம். அந்தக் கழுதை வியாபாரியையும் இப்பிடித்தான் சொன்னீக."

"வெளையாடாத. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு."

கணவனை இழந்தவள் இத்தா என்று நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளையுடுத்தி வீட்டுக்குள் இருப்பது அவளுக்குப் பெரிதில்லை. இத்தாவில் உட்கார்ந்துவிட்டால், அவர் இறந்துபோனார் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். பின்னாலயே வருகிறேன் என்றவரைப் பார்த்து, இனி வர வேண்டாம் என்று கதவைச் சாத்துவதுபோல் ஆகிவிடும். அதற்குத்தான் அவள் மனம் வரவில்லை.

மறுநாள் மதியம் பாயை விரித்ததும், ரங்கூன் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள்.

"இன்னைக்கு ஒருத்தர் ஊருக்கு வாராரு," என்றாள்.

நர்கீஸ் அய்யம்மாளைப் பார்த்தாள். அய்யம்மாள் பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

புளியங்கொட்டை கடலைத் தாண்டியது. அலை இருந்தது, மீன்கள் கப்பலின் கூடவே வந்தன. சைனம்பு சொல்லச் சொல்ல அறைக்குள் உப்புக்காற்று அடித்தது. மெட்ராஸில் இறங்கி ரயிலேறி, விடிகிற நேரத்தில் சிறுமலை புகையாகத் தெரிய, புளியங்கொட்டை திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வந்து நின்றது.

அய்யம்மாள் தயங்கினாள். சட்டம் சட்டம்தானே. மெல்லக் கேட்டாள். "என்ன சோலியா வந்தீக?"

சைனம்பு ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தாள்.

கடை நன்றாக ஓடுகிறது. குண்டு விழவில்லை. யாரும் துரத்தவில்லை. நோன்புப் பெருநாளுக்கென்றால், எத்தனையோ பெருநாளை அவர் அங்கேயே கழித்தவர். பெற்ற தாய் கண்ணை மூடியபோதுகூட, கடையை விட்டு வர முடியவில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்.

"சோழியைப் போடுங்கக்கா," என்றாள் நர்கீஸ். "மலந்துச்சுன்னா வந்துட்டாருன்னு வச்சுக்குவோம்."

சைனம்பு சோழிகளைக் கைக்குள் வைத்துக் கொஞ்சநேரம் குலுக்கினாள். போடவில்லை.

"சோழி எதுக்கு? அவரு வர மாட்டாரு நர்கீசு. இந்த ஊருக்கு அவரு வரவே மாட்டாரு."

"ஏன்த்தா அப்பிடிச் சொல்ற?"

"அவரைக் கிளப்பி விட்டதே போருதான அய்யம்மாக்கா. நான் அதை எடுத்துட்டேன்."

சந்தில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். இத்தனை நாளாக அவருக்காகவே கட்டிய ஊர். தேக்குக் கதவும் அரிசி மூடையுமாக எல்லாம் நிறைந்த ஊர். அந்த ஊரில் சைனம்பு கிழவியாகி, நரைத்து, கடையை விட்டு வர முடியாதவரின் பெண்டாட்டியாகவே செத்துப்போவாள். ரங்கூன் மேல் குண்டு விழுந்த இந்த உலகத்திலோ அவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, காய்ச்சலோடு, மலையும் காடும் கடந்து இவளைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார்.

அவள் புளியங்கொட்டையை எடுத்துப் பாயைப் புரட்டினாள்.

வியாழக்கிழமையே அண்ணனை வரவழைத்துச் சொன்னாள். "இத்தா இருக்கேன் அண்ணே. ஆனா வத்தலக்குண்டு பேச்சை எடுக்காதீக."

"பின்ன எதுக்கு இத்தா இருக்க?"

"அவருக்காக அண்ணே. ஊருக்கு வார வழியிலதான மௌத்தாப் போனாரு."

நூர் அகமது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பின் பன்னிரண்டு வருஷம் சைனம்பு அதே சந்தில், தையலும் சிரிப்புமாக வாழ்ந்தாள். அய்யம்மாளுக்கும் நர்கீஸுக்கும் அவளை நினைத்தால் முன்னால் வந்து நிற்பது அந்த இத்தா நாட்கள்தான். வெள்ளைச் சேலை, கை மூளி. இருவரும் வழக்கம்போல் மதியம் வந்தார்கள். பாய் இல்லை, சோழி இல்லை. வெறும் பேச்சிலேயே பர்மாவிலிருந்து ஊர்ப்பக்கமாக அவரோடு நடந்தார்கள்.

அய்யம்மாள் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு, வழியில் நடப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். நர்கீஸ் கேட்டாள், "நான் யாருக்கா?"

"கூட நடக்குற பொண்ணு. வாயை மட்டும் தொறக்காத, மூச்சு வாங்கும்."

"வாயைத் தொறக்காம எப்படிக்கா அம்புட்டு தூரம் நடக்குறது?"

மூங்கில் காடுகளைக் கடந்தார்கள். காலில் ஒட்டிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டார்கள். ஒரு மலையேற ஒரு வாரம் ஆனது. அய்யம்மாள் ஊற்றிய கஞ்சியில் சிலநாள் வெங்காயமும் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் விடுவதும் வருவதுமாக இருந்தது. இத்தா முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஓர் ஓடைக்கரை வந்தது. இனி அவரை நடக்கவைக்க வேண்டாம் என்று சைனம்பு சொன்னாள்.

"இங்கனயே படுக்கட்டும். செத்த நேரம் தூங்குனா சரியாப் போகும்னாரு. அப்பிடியே தூங்கிட்டாரு."

நர்கீஸ் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உதட்டுக்குள் ஓதினாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்து அய்யம்மாள் கேட்டாள். "எந்தப் பக்கம் மொகம் வச்சுப் படுத்திருக்காரு?"

"கிப்லாப் பக்கம். மக்கா இருக்குற தெச, மேக்க."

"நம்ம ஊரு எங்கிட்டு?"

நர்கீஸ் கண்ணை மூடிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய தேசப்படத்தை நினைவுக்குக் கொண்டுவந்தாள். "பர்மாவுல இருந்து பாத்தா நம்ம ஊரும் மேக்கதான்."

"அப்பச் சரி," என்றாள் சைனம்பு.