டானிக் பாட்டிலில் வந்த ஒயின்

ஜெபராஜ் அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்.

நேற்று ராத்திரி பார்சல் தோசை சாப்பிட்டிருக்கிறார். சட்னியில் உப்பு இல்லை என்று கடைக்காரரைத் திட்டிவிட்டுப் படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

வருத்தம்தான். ஆனால் அதைக் கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி... ரெண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு, மனுஷன் படுக்கையில் கிடந்து கஞ்சி குடிக்கும்படி ஆகிவிடுமோ என்றுதான் நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். கடைசி வரை சட்னியைத் திட்ட முடிந்ததே.

தெரியாதவர்களுக்காக... தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் ஒரு மருந்துக் கம்பெனியில் நாங்கள் மெடிக்கல் ரெப். அவர் சீனியர், பாளையங்கோட்டைக்காரர். நான் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த புதுசு.

அவர் பைக், என் பெட்ரோல். டாக்டர்களைப் பார்த்து முடித்ததும் எந்த ஓட்டல் என்று சண்டை தொடங்கிவிடும்.

எனக்கு ஜங்ஷன் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல். அவருக்கு வண்ணார்பேட்டையில் பஸ் புகைக்கு நடுவே ஒரு மாடி மெஸ். என் ஓட்டலில் மூன்று தரம் சாம்பார் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு, சாம்பாரே சரியில்லை என்பார்.

"தரையைத் தொடைக்குத அக்கறைய சாம்பார்ல காட்டச் சொல்லுலே ஒன் ஓட்டல்காரனை."

அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. பெண் பார்த்தாகிவிட்டது, ராஜிக்கும் என்னைப் பிடித்துவிட்டது... ஆனால் அவள் அப்பா, வேலை கன்ஃபர்ம் ஆகட்டும், பிறகு தேதி குறிக்கலாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்.

அதை முடிவு செய்ய பம்பாயிலிருந்து மேனேஜர் வந்தார். வருவதற்கு முன்பே மெட்ராஸ் ஆபீஸிலிருந்து எச்சரிக்கை. ராத்திரி சாப்பாட்டோடு அவருக்கு ஒயின் வேண்டும், அதைப் புது ரெப்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில்தான் ஆளை எடை போடுவார் என்று.

நான் அதுவரை ஒயினைக் கண்ணால் பார்த்ததில்லை. அது போதாதென்று மனுஷர் சுத்த சைவம், முட்டைகூட ஆகாது.

எங்கள் ஊரில் பார் இருக்கும் இடமெல்லாம் கோழி வாசம். சைவ ஓட்டலிலோ, மது அருந்தக் கூடாது என்று கல்லாவுக்கு மேலேயே போர்டு.

லாட்ஜ் பாரில் ஏசி ரூம் எடுத்து தனியாக சைவச் சாப்பாடு சொல்லலாம் என்றேன் நான். அண்ணாச்சி கேட்கவே இல்லை.

"கறி வெட்டுன கத்தியிலதான் கத்திரிக்காயும் வெட்டுவான். மனுசன் மோந்தே கண்டுபிடிச்சிருவாரு. என் மெஸ்ஸுக்குத்தான் போறோம், சொதி வைக்கச் சொல்லிட்டேன். ஒயினை எங்கிட்ட விடு."

சொதி என்றால் தேங்காய்ப்பால் குழம்பு. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்து... எனக்குக் கல்யாணமே நடக்குமா என்று தெரியாத நேரத்தில் சொதி.

மேனேஜர் இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு சொதியைச் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, என்ன ஒயின் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அண்ணாச்சி சாம்பிள் பையைத் திறந்து ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். டானிக் பாட்டில்... லேபிளோடு... அதுவும் எங்கள் போட்டிக் கம்பெனி டானிக். பகல் பூராவும் எந்த டானிக்கை மட்டம் தட்டிவிட்டு வந்தோமோ, அதே டானிக்.

மேனேஜர் லேபிளை எழுத்து விடாமல் படித்தார்.

உள்ளூர் ஒயின்தான் சார், கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்காரி பன்னீர் திராட்சையில் போட்டது என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார் அண்ணாச்சி. சரி, ஏன் இந்த பாட்டில் என்று மேனேஜர் கேட்டார்.

அண்ணாச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நம்ம பாட்டில் மூடி ஒழுகுது சார். இவன் மூடி ஒழுகாது."

முடிந்தது கதை, ராஜிக்கு வேறு மாப்பிள்ளைதான் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து இலைக்குச் சோறு கொண்டுவந்த சர்வர் பாட்டிலைப் பார்த்தார். "சாருக்கு ஒடம்பு சொகமில்லையா? வெந்நி கொண்டாரட்டா?"

அதை நான் நாக்குழறி மொழிபெயர்த்துச் சொன்னேன். மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்... கண்ணில் தண்ணீர் வரும் வரை.

அண்ணாச்சி அந்த மூடியாலேயே அளந்து டம்ளரில் ஊற்றினார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மூடி, சார்." மேனேஜர் நாலு மூடி குடித்தார்.

மறுநாள் ஸ்டேஷனில் என் கையைக் குலுக்கி, வேலை நிரந்தரம் என்றார். மூடி ஒழுகுவதை இத்தனை நாளில் ஒருத்தரும் தன்னிடம் சொன்னதில்லை என்று அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டு ஏறினார். வண்டி நகர்ந்ததும் நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், அப்படி ஒரு நிம்மதி.

என் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி விருந்தில் அண்ணாச்சி முதல் பந்தி. ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாமனார் காதில் விழும்படியே சொன்னார்.

"இருந்தாலும் அந்த மெஸ் சொதி கணக்கா வரலலே."

போன கிறிஸ்துமஸுக்கு நானும் ராஜியும் பாளைக்குப் போயிருந்தோம். அண்ணாச்சி ஒயினைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அண்ணாச்சி எங்களுக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தார், அதே பழுப்பு டானிக் பாட்டில்.

"பையக் குடிங்கடே. தீந்துட்டுன்னா திரும்ப வாங்க," என்றார்.

இன்னும் தீரவில்லை அண்ணாச்சி. பாதி இருக்கிறது.

ராத்திரி வண்டியில் பாளைக்குக் கிளம்புகிறோம். ராஜி சொதி வைத்துக்கொண்டிருக்கிறாள்... நிச்சயம் அந்த மெஸ் சொதி மாதிரி வராது.

சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு ரெண்டு மூடி, அவளுக்கு ரெண்டு மூடி.

போய்ட்டு வாங்க அண்ணாச்சி.