சண்முகசுந்தரத்தின் எரிமலை

அமெரிக்காவில் ஒரு மலை வெடித்துச் சாம்பல் கக்கிய செய்தி வந்த வருஷம், நெய்வேலியில் டைம் ஆபீஸ் கிளார்க் சண்முகசுந்தரத்தைக் கண்டாலே ஆட்கள் முன்னைவிட வேகமாக ஒதுங்கிப் போனார்கள். அகப்பட்டவருக்கு எரிமலைப் பாடம் நிச்சயம். கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்.

மகள் சுப்புலட்சுமியைப் பெண் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, மனைவி பார்வதி அவரிடம் சத்தியமே வாங்கிவிட்டாள், வாயைத் திறக்கக் கூடாதென்று. இதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் கேசரி ஆறுவதற்குள் ஓடியிருந்தன.

மத்தியானம் நிலக்கரி மைன்ஸில் சங்கு ஊதியது. வீட்டார் மூவரும் பேச்சு வாக்கில் அவரவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் அது கைப்பழக்கம். வந்தவர்களுக்கு என்ன தெரியும்? சங்கு ஓய்ந்ததும் அங்கே வெடி வைத்த அதிர்ச்சியில் அவர்கள் காபி மடியில் கொட்டியது.

மாப்பிள்ளையின் அப்பா பரமசிவம் வெலவெலத்துப் போய், பூகம்பமா, பக்கத்தில் எரிமலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

எரிமலை! சண்முகசுந்தரம் மனைவியைப் பார்த்தார். பாவம், எவ்வளவு நேரம்தான் அடக்குவார்? பூமிக்கு அடியில் பாறை உருகிக் குழம்பாகக் கிடக்கிறது, மேலே வர வழி இல்லாவிட்டால் பாறையைப் பிளந்துகொண்டு ஏறும், பிளக்கும்போது நிலம் நடுங்கும், மலை வெடிப்பதற்கு முன்பே சின்னச் சின்ன நடுக்கமாக வந்துகொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல முக்கியமான இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைத் தேடினாள்.

"இங்க எரிமலையே கிடையாதுங்க. மைன்ஸ்ல வெடி வைக்கிறாங்க, தினமும் உள்ளதுதான்" என்றாள் பார்வதி. இந்த வரனும் போயிற்று என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அதுவரை பேசாதிருந்த மாப்பிள்ளை கருப்பசாமி நிமிர்ந்தான். "அந்தக் குழம்பு பாதியிலேயே நின்னுட்டா? மலை வெடிக்காம வெறும் நடுக்கத்தோட போயிருமா?"

சண்முகசுந்தரம் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை.

"போயிரும் தம்பி. நிறைய தடவை அப்படித்தான் போகும்."

பேச்சு நீண்டது. பார்வதி உள்ளே போய், என்னடி சொல்கிறாய் என்று மகளைப் பயந்துகொண்டே கேட்டாள்.

"இவரையே முடிங்கம்மா. அப்பா பேசுறத முழுசாக் கேட்டுட்டுச் சந்தேகமும் கேக்குறாரு. நான் எத்தனை வருஷமாத் தனியாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அது கூடத்திலும் கேட்டது. கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று சண்முகசுந்தரம் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு நாற்காலியை மாப்பிள்ளை பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.