மாமாவின் தோளில் வந்து உட்கார்ந்த ஈ

புளித்த பழத்தின் வாடைக்கும் கள்ளு வாடைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஆயர் தாவார் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டக் குடியிருப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி கிடையாது என்பது என் சொந்தக் கருத்து. கள்ளுக்கடையில் கழுவாத குவளைகளை மொய்க்கும் கடுகளவு ஈக்களைப் பார்த்து ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தேன்: இந்த ஈ யாரைச் சுற்றுகிறதோ, அவர் குடித்திருக்கிறார். அம்மாவின் தம்பியான மாமாவிடமே பலமுறை சோதித்துப் பார்த்த சட்டம்.

அந்த மாமா குடியை விட்டார். காம்பார் ஊரில் பெண் வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். ஆறு மாதம் கழித்து அம்மா, மாமா, நான் மூவரும் பெண் பார்க்கக் கிளம்பினோம். அம்மா பஸ்ஸில் முன்சீட்டில் தூங்கிவிட்டார். மாமா மடியில் உட்கார்ந்து, அவர் வாங்கித் தந்த பலாவைப் போன்ற, அளவுக்குமீறிக் கனிந்த செம்படாக் பழச் சுளைகளைத் தின்றேன். பிசுபிசுத்த கையை அவருடைய காப்பிநிறச் சட்டையின் தோளில் துடைத்துக்கொண்டு நானும் தூங்கிப்போனேன். கறை தெரியவில்லை.

பெண் காப்பித் தட்டோடு வந்தபோது மாமாவின் தோளில் மூன்று ஈக்கள். எங்கிருந்துதான் வருகிறதோ என்று பெண்ணின் அப்பா சிரித்தபடி விரட்டினார். எனக்குத்தான் தெரியுமே.

"மாமா கள்ளு குடிச்சா இந்த ஈ வரும்லா."

மாமா முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு, "ஆறு மாசமா தொடவே இல்லைங்க" என்றார். அவ்வளவுதான்.

"பிள்ளைங்க பொய் சொல்லாதுலா, தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

தட்டு உள்ளே போனது.

பஸ் நிறுத்தத்தில் அம்மா கையை ஓங்கினார். "விடுங்கக்கா, அதுக்கு என்னா தெரியும்" என்று மாமா தடுத்து, குழாயடியில் என் கையைக் கழுவிவிட்டார். நான் சொன்னது சரிதானே என்று அவரிடமே கேட்டேன்.

இப்போது கல்லூரியில் அந்தக் கடுகளவுப் பழ ஈதான் என் பாடம். அதன் உணர்கொம்பிலிருந்து புறப்படும் வாசனை நரம்புகள் மூளைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகளில் போய் முடிகின்றன. ஒவ்வொரு வகை நரம்புக்கும் அதற்கென்று ஓர் உருண்டை. புளிப்பு வாடை கள்ளிலிருந்து வந்தாலும் சுளையிலிருந்து வந்தாலும் அதே நரம்பு, அதே உருண்டை. கள்ளு என்று ஈ சொல்லவே இல்லை. சொன்னது நான்.

மாமா என் கையைத் தூக்கிக் காட்டியிருந்தாலே போதும். ஏன் காட்டவில்லை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மாமாவுக்கு இப்போது நாற்பது வயது. குடிப்பதில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்.