பெரியக்காவின் கைப்பலம்

முள் முதல் முறை பதினாறில் நின்றது. அடுத்த முறை ஒன்பது. மூன்றாவது முறை பதின்மூன்று. கைக்குள் அடங்கும் இரும்புப் பிடி அது. இறுக்கி அழுத்தினால் வட்டத் தகட்டில் முள் ஏறி, கையின் பலத்தைக் காட்டும். முழு பலத்தோடு அழுத்துகிறவருக்கு மூன்று முறையும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். வேண்டுமென்றே விட்டுப் பிடிக்கிறவருக்குத்தான் இப்படி அங்கும் இங்கும் ஓடும். எதிரே உட்கார்ந்திருந்த சின்னக்கா போன வாரம் விளையாட்டாக அழுத்தியபோதே இருபத்தாறைத் தொட்டவர்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் நான் அப்போது நர்ஸ். பெரியக்காவும் சின்னக்காவும் கட்டிங் பிரிவில் வேலை பார்த்த, கூடப் பிறந்த அக்கா தங்கை. இருவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். பெரியக்காவுக்கு அகன்ற தோள், திரண்ட கை; தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் சுமந்த அப்பாவின் உடம்பு. சின்னக்காவோ அம்மாவைப் போல ஒல்லிக்குச்சி. அதனால் முப்பது வருஷமாகத் தோல் கட்டைத் தூக்க வேண்டும் என்றால் "பெரியக்காவைக் கூப்பிடு" என்றுதான் குரல் வரும். கையின் பருமனைப் பார்த்தே பலத்தை முடிவு செய்துவிட்டோம். நர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த நானும் அப்படித்தான்.

வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. ஐம்பத்தெட்டு வயது தாண்டியவர்களில் பிரிவுக்கு ஒருவரை மட்டும் இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்வதாகக் கம்பெனி சொன்னது. யாருக்குப் பலம் அதிகமோ அவருக்கு வேலை. கட்டிங்கில் மிஞ்சியவர்கள் இந்த இருவர்தான். சின்னக்காவின் மகன் நன்றாகச் சம்பாதித்தான். பெரியக்காவுக்குக் கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. "வேல போச்சுன்னா தங்கச்சி வூட்டு சோறுதான் சிஸ்டர். அதுக்கு நான் செத்துடலாம்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். "அப்பா அம்மாகிட்டேருந்து வர்றது ஒரு பங்குதாம்மா. தசை பெருசா இருந்தா பலமும் ஜாஸ்தின்னு நெனச்சிடாத. வயசான பொம்பளைங்களுக்குக் கை பாக்க அப்படியே இருக்கும், உள்ள பலம் எறங்கிப் போயிருக்கும்." பெரியக்கா அழுத்தியபோது அதை என் கண்ணாலேயே பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பதினான்கு, பதினான்கு, பதினைந்து. தன் கையையே யாரோ ஒருவருடைய கை போலப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அடுத்து வந்த சின்னக்கா முதல் முறை கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டார். முள் பதினாறைத் தொட்டதும் என் முகத்தைப் பார்த்து, அக்காவைத் தாண்டிவிட்டதைப் புரிந்துகொண்டார். பிறகுதான் அந்த ஒன்பதும் பதின்மூன்றும்.

"ஒழுங்கா அமுக்குங்கக்கா."

"இவ்ளோதான் வருது சிஸ்டர்." பிறகு கதவுப் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "அந்த மொத நம்பர வுட்டுடுங்க. அவ தாங்கமாட்டா."

அந்தப் பதினாறை விட்டுவிட்டுப் பதின்மூன்று என்று எழுதினேன். வேலை பெரியக்காவுக்குக் கிடைத்தது. அன்று முழுவதும் ஏதோ புண்ணியம் செய்துவிட்டதுபோல மனம் லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது என்மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.

நான்காம் மாதம், தோல் கட்டோடு படியேறிய பெரியக்கா கால் மடங்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. கட்டைத் தூக்கும்போதெல்லாம் மறுமுனையைத் தங்கைதான் பிடித்திருந்தார் என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. எத்தனை வருஷமாகப் பாரம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ, யார் பார்த்தோம்? தங்கை வேலையை விட்டு நின்ற பிறகு பெரியக்கா தனியாகத் தூக்கியிருக்கிறார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபைலில் எல்லாம் சரியாக இருந்தது.

போன மாதம் குடியாத்தத்தில் சின்னக்கா வீட்டுக்குப் போனேன். பெரியக்கா கட்டிலில் கிடந்தார். கைகள் இன்னும் திரண்டுதான் இருந்தன. தங்கை டீ போட உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அன்னிக்கு அவ வேணும்னே வுட்டுக் குடுத்தாளா சிஸ்டர்? நெஜத்தச் சொல்லுங்க."

"இல்லக்கா. உங்க கைப்பலம்தான் ஜாஸ்தி."

பயத்தில் சொன்னேன். இரண்டாவது பொய். பெரியக்கா என் கையை விட்டுவிட்டார்.

டீயோடு வந்த சின்னக்கா தம்ளர்களைக் கீழே வைத்தார். குனிந்து, அக்காவின் அக்குளுக்கடியில் கை கொடுத்து, அந்தப் பெரிய உடம்பைக் கட்டிலிலிருந்து ஒரே தூக்கில் எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். மூச்சுகூட வாங்கவில்லை. அவருடைய ஒல்லித் தோளுக்கு மேலாகப் பெரியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தூக்கு தூக்கறா, பாத்தீங்களா சிஸ்டர்?" என்றார்.