கதவுக்கு வெளியே கேட்ட ஜெபம்

ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, வருடம் சரியாக நினைவில்லை. இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடத்துக்கு அதுதான் பெயர். பழைய மஸ்கெலியாப் பட்டணம் அப்போது அணைத் தண்ணீருக்குள் போயிருக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே இறங்கிக் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூச்சு வாங்க மறுபடி மேலே ஏறுவோம். கருவாடும் புதுத்துணியும் நனைந்த கம்பளியும் கலந்த அந்தத் தெருவின் வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா தோட்டத்துச் சின்னத் தேவாலயத்தில் உபதேசியார். உபதேசியார் மகளுக்குப் பேச்சு வருகிறதோ இல்லையோ, ஜெபம் வந்துவிட வேண்டும். எனக்கு நன்றாகவே வந்தது. நான் ஜெபித்தால் கேட்கிறவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும் என்பதுதான் கோளாறு. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் யார் மூக்கை உறிஞ்சுவார்கள் என்பதுவரை அத்துப்படி. ஆனால் ஆமென் சொல்லி எழுந்தால், ஆண்டவரிடம் என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவிருக்காது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் பெண்களின் விரல்நுனி மரத்துப்போவதைப் போல, எனக்குள் ஏதோ மரத்துப்போயிருந்தது. மரத்துப்போன இடம் வலிக்காது அல்லவா, அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டதும், பத்து மணிவாக்கில் தாய்மார் பால் கொடுக்க ஓடி வருவார்கள். கங்காணி கூப்பிடுவதற்குள் திரும்பிப் போய் அவரவர் தேயிலை நிரையில் நிற்க வேண்டும். அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் காம்பராவில் ஒரு சின்ன ஜெபம் வைத்திருந்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை, நானாக ஆரம்பித்தது. உட்காரத் தெரிந்த பிள்ளைகளைப் பாயில் வரிசையாக உட்காரவைத்து, கைகூப்பச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பேன். ஜெப நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது என்று தாய்மாரிடம் கண்டிப்பாகச் சொல்லியும் வைத்திருந்தேன். அவர்களில் அநேகம் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. சாமி காரியம் என்றால் ஒதுங்கி நின்று ஒரு கும்பிடு போடுவார்கள்.

அன்று காலையிலிருந்தே தூறல். என்னைவிட நாலைந்து வயது மூத்த ஓர் அக்கா தன் எட்டு மாதப் பெண் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். அவளுக்கு அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இந்த ஒன்றுதான் கையில் நின்றது. குழந்தையை என்னிடம் தரும்போது சொன்னாள்:

“ஆயாம்மா, ராத்திரியிலருந்து புள்ளைக்கு மேலு சுடுற மாதிரி இருக்கு. அப்பப்ப கொஞ்சம் தொட்டுப் பாத்துக்கங்க.”

“சரிக்கா, நான் பாத்துக்கிறேன். நீங்க மலைக்குப் போங்க, நேரமாச்சு” என்றேன். குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டதோடு அந்தப் பேச்சையும் மறந்துவிட்டேன்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த ஞாயிறு ஹட்டனில் பெண்களின் ஐக்கியக் கூட்டம். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். ஆரம்ப ஜெபம் செய்ய என்னைத்தான் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தச் சேலை கட்டுவது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒரே யோசனை. பத்து மணி ஜெபத்தில் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆண்டவர் முன்னால் நான் ஒத்திகை பார்க்க உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன், நடந்தது அதுதான்.

கதவைச் சாத்தினேன், கண்ணை மூடினேன், ஆரம்பித்தேன். நடுவில் அந்தக் குழந்தை சிணுங்கியது. சிணுங்கல் அழுகையாயிற்று. நான் கண்ணைத் திறக்காமலே காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, அழுகைக்கு மேலே குரலை உயர்த்தினேன். “நோயினால் வாடுகிற பச்சைக் குழந்தைகளின் பக்கத்தில் நீரே தாயாக நின்று காத்தருளும்” என்று ஓர் அழகான வரி வைத்திருந்தேன். அது சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறையும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பச்சைக் குழந்தை நோயினால் வாடிக்கொண்டிருந்தது.

ஜெபம் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. ஆமென் சொல்லிக் கதவைத் திறந்தால் வாசலில் யாரும் இல்லை. படிக்கட்டில் ஈரக் கால்தடம் மட்டும் இருந்தது. மேலே பார்த்தேன். மற்றத் தாய்மாருக்குப் பின்னால், கடைசியாக, கம்பளியைத் தலையில் இழுத்து விட்டபடி அந்த அக்கா மலையேறிக்கொண்டிருந்தாள். கங்காணி கூப்பிட்டுவிட்டார் போலிருக்கிறது. வந்தவள் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று அவள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. தட்டக் கூடாது என்று சட்டம் போட்டதே நான்தான் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

குழந்தைக்குப் பால் புகட்டலாம் என்று தூக்கினேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. காலையில் அவள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துணியை நனைக்கத் திரும்புவதற்குள் குழந்தைக்குக் கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

மற்றப் பிள்ளைகளை, பால் காய்ச்ச எனக்கு உதவியாக இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். தோட்டத்து டிஸ்பென்சரி கீழே, தேயிலை ஆலைக்குப் பக்கத்தில் இருந்தது. றோட்டால் போனால் சுற்று என்று தேயிலைக்குள்ளால் குறுக்கே இறங்கினேன். கவ்வாத்து வெட்டிய குச்சிகள் காலைக் கிழித்தன. பின்னால் அந்தப் பெண் மலையைப் பார்த்துக் கூவுவதும், ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குச் செய்தி ஏறுவதும் கேட்டது. எனக்கு வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அத்தனை அழகான வரிகளில் ஒன்றுகூட வரவில்லை. “ஆண்டவரே, ஆண்டவரே” என்று அதையே சொல்லிக்கொண்டு ஓடினேன். அதை ஜெபம் என்றுகூட அப்போது நான் நினைக்கவில்லை.

டிஸ்பென்சர் ஐயா குழந்தையை வாங்கி, துணியைக் களைந்து, ஈரத்துணியால் ஒத்தி ஒத்தி எடுத்து, மருந்தும் கொடுத்தார். இழுப்பு நிற்க எவ்வளவு நேரமானதோ தெரியாது. நின்றதும் குழந்தை ஒரு வீச்சாக அழுதது. அழுகிற குழந்தையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். அவர் என் பக்கம் திரும்பினார்.

“எத்தன மணிக்குச் சூடு ஏறிச்சு? தொட்டுப் பாத்தீங்களா? இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

அதற்குள் அந்த அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்துவிட்டாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பால் கட்டிய மார்பு நனைந்து ரவிக்கையும் ஈரமாக இருந்தது. குழந்தையை வாரி எடுத்துப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

“ஆயாம்மாவ ஏசாதீங்க ஐயா. அவுங்க எம்புள்ளைக்காகத்தான் சாமிகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன். சீக்குப் புள்ளைக்குப் பக்கத்துல தாயா நில்லு சாமின்னு ரெண்டு தரம் கேட்டாங்க. அப்பறம் எப்படிங்க ஐயா நான் கதவத் தட்டுறது? நானும் அங்கயே ஒரு கும்பிடு போட்டுட்டு, நிம்மதியா மலைக்குப் போயிட்டேன்.”

டிஸ்பென்சர் ஐயா மருந்துப் போத்தலை மூடி வைக்கத் திரும்பிவிட்டார். அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் ஹட்டனில் இருக்கும் பெண்களுக்காகச் சொல்லிப் பார்த்த வரியை, தூறலில் நின்ற ஒரு தாய் தன் பிள்ளைக்கான ஜெபமாக எடுத்துக்கொண்டு, நம்பி, பால் கொடுக்காமலே திரும்பியிருக்கிறாள். என் ஜெபத்தை நான் நம்பவில்லை. அவள் நம்பினாள்.

உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் அவள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். வாசலில் குந்தியிருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தை பாயில் தூங்கியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது உங்கள் பிள்ளைக்காகச் செய்தது இல்லை அக்கா, கூட்டத்தில் பேர் வாங்குவதற்காகச் செய்தது, பிள்ளை அழுததும் எனக்குக் கேட்டது என்றேன். அவள் கையில் இருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏசுவாள், ஏசட்டும் என்று நின்றேன்.

“அப்ப எம்புள்ளைக்காக நீங்க இன்னும் கேக்கவே இல்லையா?” என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “சரி, இப்பக் கேளுங்க” என்று பாயில் எனக்கு இடம் விட்டாள்.

குழந்தையின் தலையில் கை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அழுகைதான் வந்தது, வேறொன்றும் வரவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஏதோ திக்கித் திணறி இரண்டு வார்த்தை கேட்டேன்.

மறுநாள் ஹட்டனிலும் அதே கதைதான். எழுந்து நின்று மூன்றே வரியில் முடித்துவிட்டேன். பாவம், சபைக் கூச்சம் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். திங்கட்கிழமை முதல் பத்து மணிக்குப் பிள்ளைக் காம்பராக் கதவு திறந்தே கிடந்தது. தாய்மார் எல்லோரும் பால் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் பிள்ளைகளை உட்காரவைத்தேன்.

அந்தக் குழந்தை என் கண்முன்னாலேயே ஓடி விளையாடி, பள்ளிக்கூடமும் போனது. பல வருடம் கழித்து, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத்து ஆட்களோடு அந்தக் குடும்பமும் கப்பலேறிப் போனது. ஹட்டன் ஸ்டேசனில் வழியனுப்ப நின்றபோது, அக்கா ரயில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்மகளுக்காகக் கேட்டுக்கிட்டே இருங்க ஆயாம்மா” என்றாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தாயும் மகளும் எந்த ஊரில் இருக்கிறார்களோ, உயிரோடு இருக்கிறார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் செய்ததாக அந்த அக்கா அன்று தூறலில் நின்று நம்பிய அந்த ஜெபத்தை, இத்தனை வருடமாகத் தினமும் செய்யப் பார்க்கிறேன்.