மார்லிஸ் வீட்டு இருமல்

மார்லிஸ் ஹௌகன் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபத்திரண்டு வருடங்களாக ஓட்டுகிறாள். வட டகோட்டாவின் ஜனவரியில் விடிவதற்கு முன் அந்த வண்டியைக் கிளப்புவதற்குப் பொறுமை மட்டும் போதாது, கொஞ்சம் முரட்டுத்தனமும் வேண்டும். அவளுக்கு இரண்டும் உண்டு. கணவர் ஆர்லின் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நாள் முழுக்கச் சேர்த்தாலும் அவர் பேச்சில் பத்து வாக்கியம் தேறாது. எங்கள் லூத்தரன் சபையில் அவர்கள் உட்காரும் வரிசைக்குப் பின்வரிசை என்னுடையது. நான் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பதால், அவர்களுடைய காத்திருப்பு முழுவதும் என் கைவழியாகத்தான் போய் வந்தது.

மூன்று முறை கரு தங்காமல் போன பிறகு, பல்கேரியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. மிலேனா, மூன்றரை வயது, ஒட்ட வெட்டிய முடி, ஒரு காலில் செருப்பு வார் அவிழ்ந்து தொங்கியது. மார்லிஸ் அதைக் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டினாள். இன்னும் ஆறு மாதத்தில் குழந்தை வந்துவிடும் என்றார்கள்.

ஆறு மாதம் இரண்டு வருடமாயிற்று. ஒரு முத்திரை வந்தால் இன்னொரு முத்திரை காலாவதியாகும். கைரேகையை இரண்டு முறை மறுபடி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெபக் குறிப்புகள் கேட்கும்போது மார்லிஸ் எழுந்து, "மிலேனாவுக்காக" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு உட்காருவாள். முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைப்பார்கள். இரண்டாம் வருடம் யாரும் திரும்பவில்லை. ஆர்லின் மட்டும் அவள் எழும்போது அவளுடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார்.

மூன்றாவது பிப்ரவரியில் இருமல் தொடங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவரக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மார்லிஸ் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாடியில் குழந்தைக்கென்று தயார் செய்து வைத்திருந்த அறையில் யாரோ இருமினார்கள். இரண்டு குட்டை இருமல், பிறகு நீளமாக ஒன்று. அதன் நுனியில் ஒரு விசில் சத்தம். கத்தியைக் கையில் வைத்தபடியே மாடிக்கு ஏறிப் போனாள். விரித்த படுக்கை விரித்தபடி கிடந்தது. அறை வெறுமையாக இருந்தது.

ஆர்லின் ஹீட்டர் குழாயைத்தான் சந்தேகித்தார். ஒரு சனிக்கிழமை முழுவதையும் செலவழித்துக் குழாய்களைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுநாள் பகலில் அந்த அறையின் சன்னல் சட்டத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தபோது, அவருடைய முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அது இருமியது. தூரிகையோடு கீழே இறங்கி வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

"குழாய் இல்ல மார்லிஸ்," என்றார்.

"நான்தான் சொன்னேனே."

"சின்னப் பிள்ள அது. ரொம்பச் சின்னது."

வர்ணம் சொட்டி அவருடைய காலுறை நனைவதைக்கூட அவர் கவனிக்கவில்லை என்று மார்லிஸ் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

நான் நம்பவில்லை. ஏக்கம் முற்றினால் காது இப்படியெல்லாம் பண்ணும் என்று நினைத்தேன். மார்ச் தொடக்கத்தில் தூதரகத்திலிருந்து வந்த உறையை என் மதிய இடைவேளையில் நானே அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மார்லிஸ் காப்பி ஊற்றினாள். வெளியே பனியில் வெயில் பட்டுக் கண் கூசியது. அப்படிப்பட்ட பட்டப்பகலில்தான் அதைக் கேட்டேன். இரண்டு குட்டை, ஒரு நீளம், விசில். பிறகு கட்டில் கம்பி முனகியது, யாரோ புரண்டு படுத்ததுபோல.

இருவரும் ஏறிப் போனோம். அறை வாசலில் ஈரக் கம்பளியும் கிருமிநாசினியும் கலந்த ஒரு வாடை அடித்தது. மார்லிஸ் வீட்டில் அந்த வாடைக்கு வழியே இல்லை. இருமல் மறுபடி எழுந்தது. ஆளில்லாத கட்டிலில், தலையணைப் பக்கத்திலிருந்து. ஓடிவிடலாமா என்று திரும்பினேன். மார்லிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பேருந்தில் அழும் பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"நான் இங்கதான் இருக்கேன் கண்ணு. எங்கயும் போகல."

இருமல் பாதியில் நின்றது. முடிந்து நின்றதல்ல. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காதுகொடுப்பது போன்ற நிற்றல். அந்த அமைதிதான் இருமலைவிட என்னைப் பயமுறுத்தியது.

"அங்க இப்ப ராத்திரி பத்து மணி," என்றாள் மார்லிஸ் படியிறங்கும்போது. "எப்பவும் நமக்குப் பகல்லதான் வருது. அவங்க ஊர்ல பிள்ளைங்க படுத்திருக்கிற நேரம்."

ஜெபக்குழுவில் விஷயம் கசிந்தது. குழுவை நடத்தும் ஆர்டிஸ், லெஃப்சா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கறாராகச் சொன்னாள்: "ஆண்டவர் சுவத்துக்குள்ள உக்காந்து இருமமாட்டார் மார்லிஸ். அது வேற எதுவோ. அதுக்குப் பதில் சொல்லாத."

"பிள்ள இருமினா நீ கேக்காம இருப்பியா ஆர்டிஸ்?"

"என் பிள்ளன்னு தெரிஞ்சா கேப்பேன்."

போதகர் லிண்டால் வந்து அந்த அறையில் முழங்காலிட்டு ஜெபித்தார். அன்று ஒரு சத்தமும் இல்லை. வாசலில் தொப்பியை மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "இத ஜெபத்தோட நிறுத்திக்குங்கம்மா. தத்து நிறுவனத்துல சொல்லிடாதீங்க. இல்லாத சத்தம் கேக்குதுன்னு சொல்ற வீட்டுக்கு யாரு பிள்ளையத் தருவாங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். மார்லிஸ் முதலில் சுற்றி வளைத்து எழுதினாள்: மிலேனாவின் நெஞ்சை ஒரு மருத்துவரிடம் காட்ட முடியுமா? மருத்துவ அறிக்கையில் எந்தக் குறையும் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி மறுபடி எழுதினாள். அதே பதில். அதற்குள் இருமல் மாறியிருந்தது. விசிலுக்குப் பிறகு மூச்சு திரும்ப வர நேரமாயிற்று. சமையலறையில் நின்று அந்த மூச்சு வரும்வரை தானும் மூச்சுவிடாமல் காத்திருப்பாள். ஒருநாள் அது வெகுநேரம் வரவில்லை. வந்ததும் தொலைபேசியை எடுத்தாள்.

ஆர்லின் ஓடிவந்தார். "என்ன சொல்லப்போற?"

"உள்ளத."

"பைத்தியம்னு எழுதிடுவாங்க மார்லிஸ். நம்ம பிள்ளையே நமக்கு இல்லாமப் போயிடும்."

"இருமல் நின்னுபோச்சுன்னா அப்ப மட்டும் பிள்ள இருக்குமா?"

ஆர்லின் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவள் எண்களை அழுத்தினாள்.

நிறுவனத்துப் பெண்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க கோப்ப கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்," என்றாள் அந்தப் பெண்மணி. "வைங்க," என்றாள் மார்லிஸ். "ஆனா டாக்டர அனுப்புங்க."

சமூக ஊழியர் ஒருத்தி வந்து இரண்டு நாள் கேள்வி கேட்டாள். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஆறு வாரம் எல்லாம் நின்றது. ஆர்டிஸ் அவளோடு பேசுவதை விட்டாள். அந்த ஆறு வாரமும் மார்லிஸ் ஞாயிற்றுக்கிழமை எழுந்து அதே ஒரு சொல்லைச் சொன்னாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான். ஆர்லின் இப்போது கோட்டின் ஓரத்தைப் பிடிக்கவில்லை. கூடவே எழுந்து நின்றார்.

மே இருபதாம் தேதி இருமல் நின்றது. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தத்து நிறுவனத்திலிருந்து விரைவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது.

அமெரிக்காவிலிருந்து ஓயாமல் வந்த கடிதங்களால் சலித்துப்போய், மிலேனா இருந்த குழந்தைகள் இல்லத்தின் தலைவி ஒரு மருத்துவரை வரவழைத்திருந்தாள். வந்தவர் ஒரு பிள்ளையோடு நிறுத்தாமல் படுக்கையறை முழுவதையும் பரிசோதித்தார். மிலேனாவுக்கு ஒன்றுமில்லை, நெஞ்சு சுத்தமாக இருந்தது. அடுத்த கட்டிலில் படுத்திருந்த ராட்கா என்ற ஐந்து வயதுப் பெண்ணுக்கு இரண்டு நுரையீரலும் கெட்டிருந்தன. அன்றே நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றாராம் மருத்துவர்.

மார்லிஸ் அந்தக் கடிதத்தை என் கவுன்ட்டரில் நின்றே படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. வழிதவறி யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவளின் முகம் அது.

"அப்ப நான் இத்தன நாளா யாரக் கூப்பிட்டேன்?"

குறையொன்றும் இல்லை என்று மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்ததும் கோப்பு மறுபடி நகர்ந்தது. செப்டம்பரில் போய்ப் பார்த்தார்கள், ஜனவரியில் கூட்டிவந்தார்கள். செப்டம்பரில் அந்தப் படுக்கையறைக்குள் கால் வைத்தபோது, அதே ஈரக் கம்பளி, அதே கிருமிநாசினி வாடை. ஆர்லின் வாசலைத் தாண்டவில்லை. ராட்காவின் கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண், மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு யார்கிட்டயும் பேசாது. ராத்திரியில இருமிக்கிட்டே இருக்கும். சில நேரம் சட்டுனு நிறுத்திட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கும். யாரோ கூப்பிட்ட மாதிரி. எனக்கே பயமா இருக்கும்."

அவளையும் தரமுடியுமா என்று ஆர்லின் கேட்டார். மார்லிஸ் கேட்பதற்கு முன்பே கேட்டார். ராட்காவுக்கு ஒரு சித்தி இருந்தாள். உடம்பு தேறியதும் மருத்துவமனையிலிருந்தே மலையோரக் கிராமத்துக்கு அழைத்துப்போய்விட்டாள் என்றார்கள். முகவரி தர விதி இடம் கொடுக்கவில்லை.

மிலேனாவுக்கு இப்போது பதினைந்து வயது. பள்ளி வாத்தியக் குழுவில் டிராம்போன் வாசிக்கிறாள், கர்ணகடூரமாக. அம்மாவோடு கதவை அறைந்து சண்டை போடுகிறாள்; அப்பாவைப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேச வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு இருமல் கேட்டதில்லை. சபையில் சாட்சி சொல்லும்படி போதகர் பலமுறை கேட்டும் மார்லிஸ் மறுத்துவிட்டாள். "என்னன்னு சொல்றது பாஸ்டர்? நான் கேட்டது என் பிள்ளைய. காட்டினது வேற பிள்ளைய. எனக்கு இன்னும் பயம் போகல." ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இரண்டு பெயர் சொல்கிறாள். இரண்டாவது யார் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "தெரிஞ்ச பொண்ணு" என்று முடித்துக்கொள்கிறாள்.

போன வசந்தத்தில் தபால்தலை வாங்க வந்தவள், கவுன்ட்டரில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. அன்னைக்கு அந்த இருமல நீ நெஜமாவே கேட்டியா? இல்ல எனக்காகச் சொன்னியா?"

"கேட்டேன்," என்றேன்.

அவள் தபால்தலைகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.